தொடக்கப் பள்ளிக் கணக்கு வகுப்பில் ஆசிரியருக்குத் துணையாகச் சென்ற அனுபவங்கள்

ஆசிரியர் பயிற்றுநர், தருமபுரி மாவட்டம்

வணக்கம். நான் வட்டார வளமையம் ஒன்றில் ஆசிரியர் பயிற்றுநராகப் பணிபுரிகிறேன். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கணக்குப் பாடத்தில் துணைநிற்கச் சென்ற இடங்களில் உங்களுக்கு நேர்ந்தவற்றை, குறிப்பாகச் சரியாக நடக்காதவற்றை, இங்கே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். கேட்பவன் முதலில் சொல்வதுதான் முறை என்பதால் என்னிடமிருந்தே தொடங்குகிறேன்.

நான் இயற்பியல் படித்து, பட்டதாரி ஆசிரியர் நிலையில் இப்பணிக்கு வந்தவன். ஆறாம் வகுப்புக்குக் கீழே ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை. நாங்கள் வழிகாட்ட வேண்டிய இடைநிலை ஆசிரியர்களோ பட்டயப் பயிற்சி முடித்த நாளிலிருந்து சிறு பிள்ளைகளோடேயே இருப்பவர்கள். பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்ட ஆண்டில், வகுப்பறை உற்றுநோக்கலுக்காக ஒரு பள்ளிக்குச் சென்றேன். மூன்றாம் வகுப்பு ஆசிரியை இருபத்திரண்டு ஆண்டுகள் பணியில் இருந்தவர். பிள்ளைகளின் நோட்டுகளைப் புரட்டியபோது 52 − 27 என்ற கணக்குக்கு ஏழு பேர் 35 என்று விடை எழுதியிருப்பதைக் கண்டேன். "இனமாற்றம் இவங்களுக்குப் புரியவே மாட்டேங்குது சார், எத்தனையோ தடவை சொல்லிட்டேன்" என்றார் ஆசிரியை. ஒரு பத்தைப் பிரித்து ஒன்றுகளாக்கிக் கடன் வாங்குவதைத்தான் இனமாற்றம் என்கிறோம். குச்சிக் கட்டு வைத்துச் சொல்லிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அதற்கு அவர், "நீங்க ஒரு நாள் எடுத்துக் காட்டுங்களேன் சார்" என்று சொன்னார். அந்தச் சொல்லில் மரியாதை குறையவில்லை. ஆனால் நான் சிறு வகுப்பு எடுத்தவனில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் என்னால் உணர முடிந்தது.

நாள் குறித்துக்கொண்டோம். முந்தைய இரவு வீட்டில் உட்கார்ந்து ஈர்க்குச்சிகளை ஒடித்து, பத்துப் பத்தாக எண்ணி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டினேன். மறுநாள் ஐந்து கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் பாயில் பரப்பி, இரண்டிலிருந்து ஏழை எடுக்க முடியாததால் ஒரு கட்டைப் பிரிக்க வேண்டும் என்று பிள்ளைகள் வாயாலேயே சொல்லவைத்து, பிரித்து, ஏழு குச்சிகளை எடுத்துவிட்டு, மீதம் ஐந்து என்று கரும்பலகையில் எழுதியும் விட்டேன். பாயில் நான்கு குச்சிகள்தான் கிடந்தன. ஒன்றை நான் தொலைத்துவிட்டதாக ஒரு பையன் பாயைத் தூக்கித் தேடினான். கடைசியில் ஒரு சிறுமி, "கட்டுலயே ஒம்போதுதான் சார் இருந்துச்சு, நீங்க பிரிக்கும்போதே நான் எண்ணுனேன்" என்றாள்.

ஆசிரியை சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. மதிய உணவு நேரத்தில் இருவரும் உட்கார்ந்து, 35 என்று எழுதிய ஏழு பேரையும் ஒவ்வொருவராக அழைத்து, எப்படி அந்த விடை வந்தது என்று மட்டும் கேட்டோம். எல்லோரும் ஏறத்தாழ ஒரே விளக்கத்தைத்தான் சொன்னார்கள்: ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. ஒன்றாம் இடத்தில் மேலே உள்ள இரண்டிலிருந்து கீழே உள்ள ஏழைக் கழிக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏன் என்று கேட்டபோது ஒரு பையன், "பெரிய எண்ணிலேர்ந்துதான் சின்ன எண்ணைக் கழிக்கணும்" என்று பாடம் ஒப்பிப்பதைப் போலச் சொன்னான். ஆசிரியை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இது நான் ரெண்டாம் வகுப்புல சொல்லிக் குடுத்த வாக்கியம் சார். நான் சொன்னதைத்தான் செஞ்சிருக்காங்க" என்றார்.

ஒன்பது குச்சிக் கட்டோடு காலையில் நான் அவமானப்படாமல் இருந்திருந்தால் அந்த வாக்கியம் அவரிடமிருந்து வந்திருக்குமா என்பது எனக்கு இன்றும் சந்தேகம். அதையே நான் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தால் அவர் காதில் அது குற்றச்சாட்டாகத்தான் விழுந்திருக்கும்.

ஈராசிரியர் பள்ளி ஆசிரியை

ஐயா எழுதியதற்கு மறுகரையிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். உங்களைப் போன்றவர்கள் வரும்போது வகுப்பில் நின்றுகொண்டிருப்பவள் நான். எங்கள் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வரை என்னிடமும் நான்கும் ஐந்தும் தலைமை ஆசிரியரிடமும் இருக்கின்றன. தலைமை ஆசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்புகளும் என்னிடம்தான்.

ஒரு முறை வந்த அலுவலர் இருபது நிமிடம் இருந்தார். பாடக்குறிப்பைக் கேட்டார், கணிதப் பெட்டியைத் திறந்து பார்த்தார், அரும்பு என்னும் தொடக்க நிலையில் இருந்த ஒரு குழந்தையை எழுப்பி ஒரு கூட்டல் கேட்டார், குழந்தை விழித்தது, அவர் கைப்பேசியில் எதையோ பதிவு செய்துகொண்டு கிளம்பிவிட்டார். கணிதப் பெட்டியில் தூசி இருந்தது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, ஒரு குழுவுக்கு ஆணிமணிச் சட்டத்தைக் கொடுத்துவிட்டு மற்றொரு குழுவிடம் திரும்புவதற்குள் மணிகள் அறையெங்கும் உருண்டோடுவதை அவர் பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு வேறொருவர் வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, கணக்குல உங்களுக்கு எடுக்கக் கஷ்டமா இருக்கிறது எது?" என்பது. பதினாறு ஆண்டுப் பணியில் என்னிடம் இப்படி ஒருவர் கேட்டது அதுவே முதல் முறை. வகுத்தல் என்றேன். அதில் எது என்றார். சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் வலப்பக்கம் ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்க, வகுத்தல் மட்டும் ஏன் இடப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்று ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். "அது அப்படித்தான்டா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஏனென்றால் எனக்கே தெரியாது.

அவர் விடையைச் சொல்லவில்லை. காகிதத்தைக் கிழித்து நூறு, பத்து, ஒரு ரூபாய்த் தாள்களாக எழுதி, 732 ரூபாயை என் முன்னால் வைத்து, நான்கு பேருக்குச் சமமாகப் பங்கிடச் சொன்னார். "ஒத்தை ரூபாயிலேர்ந்து ஆரம்பிச்சுப் பாருங்களேன்" என்றார். இரண்டு ஒற்றை ரூபாயை நால்வருக்குக் கொடுக்க முடியவில்லை. மூன்று பத்துகளும் அப்படியே நின்றன. ஏழு நூறுகளில் ஆளுக்கொன்று போக மூன்று மிஞ்சின. அவற்றைப் பத்துகளாக மாற்றினால் முப்பது, ஏற்கெனவே இருந்த மூன்றோடு முப்பத்து மூன்று. நான் விட்டுவந்த பத்துகளுக்கே திரும்பிப் போக வேண்டியிருந்தது. ஆளுக்கு எட்டுப் பத்து போக மிஞ்சிய ஒன்றைச் சில்லறையாக்கினால் பன்னிரண்டு ஒற்றை ரூபாய், ஆளுக்கு மூன்று. ஆக 183. மிஞ்சுவதைச் சில்லறையாக்கிக் கீழே இறக்க வேண்டியிருப்பதால்தான் பெரிய தாளிலிருந்து தொடங்குகிறோம் என்பது எனக்கு அப்போது விளங்கியது. வகுத்தலில் "கீழே இறக்கு, கீழே இறக்கு" என்று வாய்ப்பாடு போலச் சொல்லிக்கொண்டிருந்தேனே, எதை இறக்குகிறோம் என்று நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பையன் அதற்குள் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போய்விட்டான் என்பதுதான் என் வருத்தம்.

ஆசிரியர் பயிற்றுநர் (தமிழ்), மதுரை மாவட்டம்

நான் தமிழ் முதுகலை படித்தவன். கணக்குக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு உறவு முறிந்துவிட்டது. என்னைப் போய்த் தொடக்கப் பள்ளிக் கணக்குக்குத் துணைநிற்க அனுப்பியபோது, ஆசிரியர்கள் எதையாவது கேட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தோடுதான் ஒவ்வொரு பள்ளிக்குள்ளும் நுழைவேன். பார்வைக் குறிப்பேட்டில் "மேலும் பயிற்சி தேவை" என்று எழுதிவிட்டு வருவது அந்த அச்சத்தின் விளைவுதான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியர் எண் சொல்வதெழுதுதல் நடத்திக்கொண்டிருந்தார். அறுபத்து மூன்று, எழுபத்தெட்டு எல்லாம் சரியாக வந்தன. தொண்ணூற்றைந்து என்றதும் பாதிப் பிள்ளைகள் 105 என்று எழுதினார்கள். இருவர் 1005 என்றும் எழுதியிருந்தார்கள். "பாருங்க சார், கவனமே இல்லை" என்றார் ஆசிரியர். நான் நோட்டுகளைப் பார்த்துக்கொண்டே அந்தச் சொல்லை மனத்துக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். சட்டென்று பிடிபட்டது. பிள்ளைகள் நன்றாகக் கவனித்திருந்தார்கள். கவனித்ததால்தான் பிழை வந்தது. தொண்-நூற்றைந்து என்பதில் அவர்கள் காதில் தெளிவாக விழுந்தது நூற்றைந்து.

தமிழ் எண்ணுப் பெயர்கள் மிக ஒழுங்கானவை. இருபது என்றால் இரு பத்து, அறுபது என்றால் ஆறு பத்து, எண்பது என்றால் எட்டுப் பத்து. சொல்லிலேயே இடமதிப்பு இருக்கிறது. இந்த ஒழுங்கு ஒன்பதில் வந்து குலைகிறது. ஒன்பது என்ற சொல்லிலேயே 'பது' ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் அது பத்து அல்ல. தொண்ணூற்றில் நூறு இருக்கிறது, ஆனால் அது நூறு அல்ல. தொள்ளாயிரத்தில் ஆயிரம் இருக்கிறது, ஆனால் அது ஆயிரம் அல்ல. ஒன்பதோடு பத்துச் சேர்ந்து தொண்ணூறு ஆவதற்கும் ஒன்பதோடு நூறு சேர்ந்து தொள்ளாயிரம் ஆவதற்கும் நன்னூலில் தனி விதியே இருக்கிறது. கல்லூரியில் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிய விதி. இரண்டாம் வகுப்புப் பிள்ளை அந்த விதிக்கு முன்னால்தான் தடுக்கி விழுகிறது என்று படித்த காலத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. தொண்டு என்ற பழஞ்சொல் ஒன்பதைக் குறித்ததைக்கூட ஆசிரியரிடம் சொன்னேன். அது அந்த நேரத்துக்குத் தேவையில்லாத பெருமை, அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

பிறகு செய்தது எளிய வேலை. 10, 20 என்று தொடங்கி 90, 100 வரை அட்டைகளை வரிசையாக வைத்து, எண்பதுக்கும் நூறுக்கும் இடையில் இருப்பதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று ஆசிரியர் பிள்ளைகளைக் கேட்டார். "ஒன்பதுபது" என்றது ஒரு குழந்தை. அந்தப் பெயரையே ஒரு வாரம் வைத்துக்கொண்டார்கள். தொண்ணூறு என்பது ஒன்பதுபதின் ஊர்ப்பெயர் என்று ஆசிரியர் சொல்லிவைத்தார். இது அவருடைய சொல், என்னுடையது அல்ல. 90 அட்டையின் சுழியத்தின் மேல் 5 அட்டையை வைத்து 95 ஆக்கும் விளையாட்டும் அவர் சேர்த்ததுதான். மறுமுறை சென்றபோது தொள்ளாயிரத்துக்கு என்ன செய்வது என்று மூன்றாம் வகுப்பு ஆசிரியையும் வந்து உட்கார்ந்துகொண்டார். கணக்குத் தெரியாதவன் என்று நான் ஒளிந்துகொண்டிருந்தது அத்தோடு நின்றது.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்

தம்பி எழுதியிருக்கும் பார்வைக் குறிப்பேட்டைப் பற்றி ஒரு பழைய நினைவு. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007 வாக்கில் எங்கள் ஊர்ப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது. அட்டை அட்டையாக முடித்து ஏறும் ஏணிப்படி, சின்னம், பாயில் குழு என்று வகுப்பறையின் முகமே மாறிவிட்டது. அது நல்ல மாற்றம் என்பதே என் கருத்து. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் கணக்குப் போடலாம் என்பதை அதற்கு முன் எவரும் அனுமதித்ததில்லை. ஆனால் பார்வைக்கு வந்தவர்களில் பலர், கம்பிப் பந்தலில் பிள்ளைகளின் தாள்கள் தொங்குகின்றனவா, அட்டைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றனவா என்பதைத்தான் பார்த்தார்கள். பிள்ளை அட்டையை முடித்துவிட்டது என்பதற்கும் கணக்கு அதற்குத் தெரிந்துவிட்டது என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தை எவரும் கேட்கவில்லை. என் பள்ளியில் ஒரு பையன் பக்கத்துப் பிள்ளையின் விடையைப் பார்த்தே மூன்று படிகள் ஏறியிருந்தான். கண்டுபிடித்தது நானல்ல, அவன் அக்காள்.

இடைநிலை ஆசிரியர், கடலூர் மாவட்டம்

எல்லோரும் இனிய முடிவோடு எழுதுகிறீர்கள். எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது. துணைநிற்க வருபவரும் செயலியில் என் வகுப்பைப் பற்றிப் பதிவேற்றுபவரும் ஒரே ஆளாக இருக்கும்போது, எனக்குத் தெரியாததை நான் ஏன் அவரிடம் சொல்ல வேண்டும்? மேலே எழுதிய சகோதரி சொல்லிவிட்டார். அவருக்கு வாய்த்தவர் நல்லவர். நான் ஒரு முறை சொன்னேன். அடுத்த மாதம், சுற்றுப்பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில், பெயர் சொல்லாமல், ஆனால் யாரென்று எல்லோருக்கும் தெரியும்படி, என் சந்தேகம் ஓர் எடுத்துக்காட்டாக மேடையேறியது. அதன்பின் நான் எதையும் கேட்பதில்லை.

குறுவள மையக் கருத்தாளர்

கடலூர் ஆசிரியர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கூட்டங்களை நடத்துபவன் என்ற முறையில் நானும் அதே தவற்றைச் செய்திருக்கிறேன். மாநில அளவில் பயிற்சி பெற்றவர் மாவட்டத்துக்கும், மாவட்டத்தில் பெற்றவர் வட்டாரத்துக்கும் சொல்லி, எங்களிடம் வந்து சேரும்போது கையில் செயல்பாடு இருக்கும், அதற்கான காரணம் வழியில் எங்கோ உதிர்ந்திருக்கும். அந்த வெறுமையை நிரப்பத்தான் பிறர் வகுப்பறைப் பிழைகளை எடுத்துக்காட்டாகச் சொல்லிவிடுகிறோம்.

பின்னம் பற்றிய கூட்டம் ஒன்றில் வேறு விதமாக முயன்றேன். பிள்ளைகளின் பிழையையோ ஆசிரியர்களின் பிழையையோ எடுக்காமல், நான் ஐந்தாம் வகுப்பில் கற்பித்த ஒரு விதியைப் பலகையில் எழுதினேன்: "பகுதி பெரிதானால் பின்னம் சிறிது." பகுதி என்பது பின்னத்தில் கீழே உள்ள எண். ¼ஐவிட ⅓ பெரியது என்று பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பதற்காக நான் உண்டாக்கியது. நான்கு, மூன்றைவிடப் பெரியது என்பதால் ¼தான் பெரியது என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அது மருந்தாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் ¾, ½ இரண்டில் எது பெரிது என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் ½ என்றது. விதிப்படி அவர்கள் சொன்னது சரி.

இதைச் சொன்னதும் ஓர் ஆசிரியை எழுந்து, தன் வகுப்பில் சத்துணவுக் கூடத்து அளவுப் படியையும் ஆழாக்கையும் வாங்கிவந்து மணலை அளக்கவைத்ததைச் சொன்னார். எட்டு ஆழாக்கு ஒரு படி, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. அரைக்கால் என்ற சொல்லைப் பிரித்தாலே காலில் அரை என்று தெரிகிறதே, பிறகு ஏன் ⅛ என்றவுடன் பிள்ளைகளும் நாமும் மிரள்கிறோம் என்று கேட்டார். வீட்டில் கால் கிலோ, அரை கிலோ, முக்கால் மணி நேரம் என்று பின்னத்திலேயே பேசும் பிள்ளை, பள்ளியில் தொகுதியும் பகுதியும் என்றதும் அதை வேறு ஏதோ ஒன்றாக நினைத்துக்கொள்கிறது என்றார் இன்னொருவர். என் பயிற்சிக் கட்டகத்தில் இருந்த வட்டத் தாள் மடிக்கும் செயல்பாட்டுக்கு அன்று நேரமே கிடைக்கவில்லை. அதை நடத்தியதாகத்தான் அறிக்கையில் எழுதினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியர் பயிற்றுநர், தருமபுரி மாவட்டம்

இழையைத் தொடங்கியவன் மீண்டும் எழுதுகிறேன். கடலூர் ஆசிரியரின் கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. நான் செய்வதெல்லாம், செயலியில் பதிவேற்ற வேண்டியதை ஆசிரியர் முன்னிலையிலேயே, அவரிடம் வாசித்துக் காட்டிப் பதிவேற்றிவிட்டு, பிறகு கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டுக் கணக்கைப் பேசத் தொடங்குவதுதான். அதற்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாது. ஆகவே மாதம் மூன்று பள்ளிகளில் மட்டுமே உண்மையாக உட்கார முடிகிறது. மற்றவற்றில் நானும் இருபது நிமிட அலுவலர்தான்.

ஒன்பது குச்சிக் கட்டு வைத்த பள்ளிக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். அந்த ஆசிரியை இப்போது நான்காம் வகுப்பு எடுக்கிறார். கட்டுகளை வழங்கும்போது வேண்டுமென்றே ஒன்றில் ஒரு குச்சியைக் குறைத்தோ கூட்டியோ வைக்கிறார். எண்ணிப் பார்த்த பிறகுதான் பிள்ளைகள் கணக்கைத் தொடங்குகிறார்கள். அன்று 403 − 168. நூறு குச்சிக் கட்டு நான்கு, உதிரி மூன்று. பத்துக் கட்டு ஒன்றுகூட இல்லை. நூறு கட்டைப் பிரித்தால் உள்ளே பத்துப் பத்துக் கட்டுகள் இருக்கும்படி அவர் கட்டியிருந்தார். ஒரு குழு அவற்றையும் நிறுத்தாமல் பிரித்து, நூறு குச்சிகளையும் பாயில் கொட்டிவிட்டு, 168ஐ ஒவ்வொன்றாக எண்ணி எடுக்கத் தொடங்கியது. நடுவில் குச்சி போதாமல் இன்னொரு நூறையும் பிரித்தார்கள். பாடவேளை முடிந்து மணி அடித்தும் நிறுத்தவில்லை. கடைசியில் 235 என்ற சரியான விடையோடு எழுந்தார்கள். மற்ற குழுக்கள் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு இவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

வெளியே வந்ததும் ஆசிரியை என்னிடம், "நடுவுல நிறுத்தி, பத்துக் கட்டைப் பிரிக்காதீங்கன்னு சொல்லியிருக்கணுமா சார்? இல்ல விட்டது சரியா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அடுத்த செவ்வாய்க்கிழமை மீண்டும் போகிறேன். அதே பிள்ளைகளுக்கு 500 − 268 கொடுக்கலாம் என்று அவர் நினைக்கிறார். இப்படிப்பட்ட குழுவை உங்கள் வகுப்பில் பார்த்தவர்கள் என்ன செய்தீர்கள் என்பதைச் செவ்வாய்க்கு முன் எழுதினால் அவரிடம் காட்டுவேன்.